மெழுகுவர்த்தி முதல் பாடமான கதை

வேதியியல் வகுப்பின் முதல் நாளன்று மாணவர் முன்னால் எரியும் மெழுகுவர்த்தி ஒன்றை வைத்து, கண்டதையெல்லாம் எழுதச் சொல்வது ஒரு பழகிய உத்தி. 1957இல் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்த அதிர்ச்சிக்குப் பின் அமெரிக்க அரசு பள்ளி அறிவியலுக்குப் பணத்தை வாரி இறைத்தது. அப்போது உருவான ‘கெம் ஸ்டடி’ திட்டத்தின் ஆய்வகக் கையேட்டில் முதல் பயிற்சியே இதுதான். கண்டது எது, ஊகித்தது எது என்று பிரித்தறிவது அதில் முக்கியம். அதனால் இதற்கு உற்றுநோக்கும் பயிற்சி என்றே பெயர் நிலைத்துவிட்டது. இதன் மூதாதையை நோக்கினால், அந்தப் பெயர் பாதிதான் பொருந்தும்.

லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1825இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் விரிவுரைகள் சிறுவர்களுக்கானவை. மைக்கேல் ஃபாரடே 1848இலும், மீண்டும் 1860 டிசம்பரில் தம் 69ஆம் வயதிலும் மெழுகுவர்த்தியையே பொருளாக எடுத்துக்கொண்டார். மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவர் கடைச் சரக்கைக் கையிலெடுத்தது எளிமைக்காக மட்டுமல்ல. உருகிய மெழுகு ஏன் வழிந்தோடாமல் குழியில் தேங்குகிறது? மேலெழும் காற்று விளிம்பைக் குளிர்வித்துக் கரைபோல் நிறுத்துகிறது. உருகிய மெழுகு திரியில் எப்படி மேலேறுகிறது? உப்புத் தூணில் வண்ணக் கரைசல் ஏறுவதைக் காட்டினார். எரிவது திரவமா, ஆவியா? இங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். சுடரை ஊதி அணைத்து, எழும் புகையில் சற்றுத் தள்ளியே தீயைக் காட்டினால், நெருப்பு புகைவழியே ஓடித் திரியைப் பற்றிக்கொள்ளும். சுடரின் நடுவில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகினால், ஆவி குழாய்வழியே வெளியேறி மறுமுனையில் எரியும். ஒவ்வொரு காட்சியும் ஒரு சந்தேகத்துக்கான சோதனை. வெறும் வர்ணனைக்கு அங்கே இடமே இல்லை.

ஃபாரடேயின் சிறுவர்கள் கைகட்டி அமர்ந்திருந்த பார்வையாளர்கள்தானே, அமெரிக்க மாணவர் தானே செய்தாரே என்று கேட்கலாம். உண்மைதான்; அது பெரிய முன்னேற்றம். ஆனால் கை இயங்கினால் சிந்தனையும் இயங்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வியன்னாவில் இயற்பியல் மாணவர்களிடம் தத்துவவாதி கார்ல் பாப்பர், உற்றுநோக்கி எழுதுங்கள் என்று மட்டும் சொன்னாராம். எதை உற்றுநோக்குவது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். கேள்வி இல்லாத கவனிப்புக்குத் திசை இல்லை என்பதே அவர் வாதம். அப்படியானால் பட்டியல் போடுவது வீண்வேலை என்று இந்தப் பயிற்சியையே ஒதுக்கிவிடலாமா? கூடாது. முதல் நாள் மாணவரிடம் கேள்வி தயாராக இருக்காது. பட்டியலிலிருந்துதான் அது பிறக்க வேண்டும். ‘மெழுகுவர்த்தி குட்டையாகிறது, சாம்பல் மட்டும் இல்லை’ என்று ஒருவர் எழுதிவிட்டால், மெழுகு எங்கே போயிற்று என்பது அடுத்த வரி. சுடர்மேல் குளிர்ந்த தட்டைப் பிடித்தால் நீர் முத்தாகும். எரிந்த காற்றைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் அது பால்போல் வெளுக்கும். அந்த இரண்டு சோதனைகளுக்கும் நேரம் ஒதுக்காத முதல் வகுப்பு, கையேட்டின்படி எவ்வளவு ஒழுங்காக நடந்தாலும், ஃபாரடே தொடங்கிய இடத்துக்கே வந்து சேரவில்லை.