டேலி மென்பொருளில் விலைப்பட்டியல் அச்சமைப்பு

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட டேலி சொல்யூஷன்ஸ் நிறுவனத்தின் கணக்கியல் மென்பொருள் டேலி. அதில் பதிவாகும் விற்பனை தாளில் பில்லாக விழும்போது எந்த விவரம் எங்கே, எவ்வளவு அகலத்தில், எந்த எழுத்தளவில் வரவேண்டும் என வரையறுப்பது அச்சமைப்பு. பற்று வரவு எழுதும் முறை எல்லாக் கடைக்கும் ஒன்றுதான். பில்லின் தோற்றம் கடைக்குக் கடை வேறு. அதனால் டேலி வாங்குவோர் முதலில் கேட்கும் மாற்றம் பெரும்பாலும் பில்லைப் பற்றியதாகவே இருக்கும்.

1986இல் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் இந்நிறுவனத்தைத் தொடங்கினர். ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிகளும் விற்றுவந்த தந்தைக்குத் தோதான கணக்கு மென்பொருள் கிடைக்காததே தொடக்கம். 1999இல் நிறுவனம் இன்றைய பெயரைப் பெற்றது.

தொடக்ககால அச்சமைப்பை நிர்ணயித்தது மென்பொருளைவிட டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான். சென்னையின் டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த எம்எஸ்பி வகைகளும் எப்சனின் எல்எக்ஸ் வகைகளும் கடைகளில் பரவலாக இருந்தன. இவை சாதாரண எழுத்தில் வரிக்கு 80 எழுத்துகள் அச்சிடும். நெருக்கிய எழுத்தில் அதே அகலத்தில் 130க்கு மேல் பிடிக்கும். அங்குலத்துக்கு 6 வரி என்பது வழக்கம். 12 அங்குலத் தொடர்தாளில் 72 வரிகள். தலைப்பு, முகவரி, சரக்கு விவரம், வரி, மொத்தம், கையொப்பம் எல்லாம் இந்த 72க்குள் அடங்கவேண்டும். ஊசி அடித்து அச்சிடுவதால் கார்பன் வைத்தால் ஒரே ஓட்டத்தில் மூன்று பிரதி கிடைத்தது. லேசர் பிரிண்டருக்கு இந்த வசதி கிடையாது. மொத்த வியாபாரக் கடைகள் இன்றும் டாட் மேட்ரிக்ஸை விடாததற்கு இதுவே முதன்மைக் காரணம்.

நிறுவனப் பெயர், முத்திரை, கட்டங்கள் ஆகியவற்றை அச்சகத்தில் வண்ணத்தில் அடித்து வாங்கிய தாள்களில் எண்களையும் பெயர்களையும் மட்டும் கணினி நிரப்பியது. இதற்கென, தலைப்புகளையும் கோடுகளையும் விட்டுவிட்டு விவரத்தை மட்டும் அச்சிடும் தேர்வு டேலியில் உண்டு. சிக்கல் எல்லாம் பொருத்தத்தில்தான். வாடிக்கையாளரின் முகவரி மூன்று வரிக்குப் பதில் நான்கு வரி பிடித்தால் கீழுள்ளவை யாவும் ஒரு வரி இறங்கி, மொத்தத் தொகை தன் கட்டத்தைத் தாண்டிவிடும். ஆகவே முகவரிக்கும் சரக்குப் பகுதிக்கும் நிலையான உயரம் ஒதுக்கி, மிஞ்சுவதை அடுத்த தாளுக்குத் தள்ளுவதே அமைப்பாளரின் அடிப்படை வேலையானது. நன்கு பொருத்திய அச்சுத்தாளின் ஒழுங்கு பின்வந்த வெற்றுத்தாள் பில்களில் காணக் கிடைப்பதில்லை.

எஃப்12 விசை திறக்கும் பட்டியலில் எதைக் காட்டுவது, எதை மறைப்பது, விளிம்பு எவ்வளவு என்பன போன்ற எளிய மாற்றங்களைப் பயனரே செய்யலாம். அதற்கு மேற்பட்டவை டிடிஎல் எனப்படும் டேலியின் சொந்த நிரல்மொழியில் எழுதப்படுகின்றன. ரிப்போர்ட், ஃபார்ம், பார்ட், லைன், ஃபீல்டு என ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கும் அடுக்கு அது. ஃபார்ம் தாளின் உயர அகலத்தையும், பார்ட் அதன் பகுதிகளையும் குறிக்கும். லைன் சரக்கின் எண்ணிக்கைக்கேற்பத் திரும்பத் திரும்ப வரும். ஃபீல்டில் ஒரு விவரம் நிற்கும். பழைய வரையறையின் பெயருக்கு முன் # குறியிட்டால் மூலத்தைத் தொடாமலே அதை மாற்றலாம். டேலியில் இடமில்லாத விவரத்துக்குப் புதிய களம் உருவாக்கவும் முடியும். ஆனால் அதற்குரிய டிடிஎல் கோப்பை நீக்கிவிட்டால் தரவு உள்ளே இருந்தும் கண்ணுக்குத் தெரியாது. எழுதி முடித்த நிரல் பெரும்பாலும் டிசிபி என்ற கோப்பாகத் தொகுத்துத் தரப்படுகிறது. மூலநிரல் எழுதியவரிடமே தங்கிவிடுவதால், புதிய பதிப்புக்கு மாறும்போது வாடிக்கையாளர் மறுபடி அவரையே தேடவேண்டியிருக்கிறது.

2017 ஜூலை 1இல் சரக்கு, சேவை வரி வந்தபோது மதிப்புக்கூட்டு வரிக்காக அடித்து வைத்திருந்த தாள்கள் பயனற்றுப்போயின. மத்திய சரக்கு, சேவை வரி விதிகளில் 46ஆம் விதி பில்லில் இருக்கவேண்டியவற்றை வகுக்கிறது: 16 எழுத்துகளுக்கு மிகாத தொடர் எண், இரு தரப்பின் பதிவெண், சரக்கை வகைப்படுத்தும் எச்எஸ்என் குறியீடு, வரி விகிதம், வரித்தொகை முதலியன. 48ஆம் விதியின்படி சரக்குக்கு மூன்று பிரதி, சேவைக்கு இரண்டு. டேலி பில்லின் அடியில் பாதித் தாளை நிரப்பும் எச்எஸ்என் வாரியான வரிச் சுருக்கத்தை 46ஆம் விதி கேட்கவில்லை. அதை நீக்குவதே இடத்துக்கு நல்லது. கணினியில் தயாரித்த பில் என்ற அடிவரி இருந்தால் கையொப்பம் வேண்டாம் என்பது தவறான எண்ணம். விலக்கு மின்னணு முறையில் வழங்கும் பில்லுக்கே உரியது, அச்சிட்டுக் கொடுக்கும் தாளுக்கு அல்ல.

2020இல் டேலியின் புதிய பதிப்பான டேலிபிரைம் வெளியானது. அதே ஆண்டு அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கிய, பில்லை அரசுத் தளத்தில் பதிவுசெய்யும் மின்விலைப்பட்டியல் முறை, 2023 ஆகஸ்டில் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமானது; அவர்களின் பில்லில் க்யூஆர் குறியீட்டுக்கும் இடம் ஒதுக்கவேண்டும். சில்லறைக் கடைகளில் 2, 3 அங்குலத் தெர்மல் சுருள்களும் பயன்படுகின்றன.