விளையாட்டுத் தானியங்கி

விளையாட்டுத் தானியங்கி என்பது இணைய விளையாட்டில் மனிதருக்குப் பதிலாகத் தானே ஆடும் மென்பொருள் ஆகும். பேச்சு வழக்கில் இது பாட் எனப்படும்.

பயனர் கணக்கீடு

போட்டி மென்பொருள்களுள் எதற்குப் பயனர் அதிகம் என ஒப்பிடுதல் எளிதன்று. விற்ற உரிமங்கள், பதிவான கணக்குகள், இயங்கிய மணிநேரம் ஆகியன வெவ்வேறு அளவைகள். ஒருவரே பத்துக் கணக்குகளை இயக்கினால் ஓர் அளவையில் அவர் ஒருவர். மற்றொன்றில் பத்துப் பேர். எண்களை வெளியிடுவோரும் பெரும்பாலும் விற்பனையாளர்களே. நீதிமன்றம் வழியாக வெளிவந்தவை சிலவே. வேர்ல்ட் ஆப் வார்கிராப்ட் விளையாட்டுக்கான கிளைடர் என்னும் தானியங்கிக்கு, 2008 செப்டம்பர் வரை 1,20,000 உரிமங்கள் விற்கப்பட்டதாக 2010 ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. இதுவும் விற்பனைக் கணக்கே. நாள்தோறும் எத்தனை பேர் பயன்படுத்தினர் என்பதை இது காட்டாது.

தமிழ்நாட்டில்

பணம் கட்டி ஆடும் இணைய ரம்மியில் எதிரே ஆடுவது மனிதரா மென்பொருளா என்பதை ஆடுபவர் அறிய வழியில்லை. ரம்மி, போக்கர் ஆகியவற்றை வாய்ப்பு விளையாட்டுகளாக அட்டவணைப்படுத்தித் தடைசெய்த தமிழ்நாட்டின் 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து நிறுவனங்கள் வழக்குத் தொடர்ந்தன. பாட் பயன்படுத்தப்படலாம் என அரசு வாதிட்டது. அந்த அச்சத்திற்குத் தக்க சான்று இல்லை எனக் கூறிய சென்னை உயர் நீதிமன்றம், 2023 நவம்பர் 9 அன்று அவ்வட்டவணையை நீக்கியது. சட்டம் முழுவதையும் நீக்க மறுத்தது. சான்றாகக்கூடிய தரவுகள், அதாவது ஒவ்வொரு ஆட்ட நகர்வுக்கும் எடுத்த நேரம், இடைவிடாது ஆடிய மணிநேரம் போன்றவை, நிறுவனங்களின் வழங்கிகளிலேயே இருப்பவை. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்ய நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்றியது.