அடுப்படிப் புகை போன வழி

வீட்டுக்கு ஒயரிங் மாத்துறோம். "அடுப்படியில எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு பாயிண்ட் விடட்டுமாண்ணே?"ன்னு எலக்ட்ரீஷியன் தம்பி கேட்டார். கேஸ் அடுப்புல ஏதுப்பா புகைன்னேன். உள்ளே அம்மா இருமினாங்க.

உத்திரமேரூர் பக்கம் எங்க ஓட்டு வீடுகள்ல வேலிகாத்தான் விறகும் வறட்டியும்தான். புகை ஓட்டு இடுக்கு வழியா போகும் (கூரை மூங்கிலைப் பூச்சி அரிக்காது, அது ஒரு லாபம்). மிச்சம் அம்மா நெஞ்சுக்குள்ள போச்சு. ஹைதராபாத் பொறியாளர் எஸ்.பி.ராஜு, புகையைக் குழாய் வழியா கூரைக்கு மேல அனுப்புற மண் அடுப்பை வடிவமைச்சு, 1953ல் அதைப் பற்றிப் புத்தகமே போட்டார். 1983ல் மத்திய அரசும் புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. குழாயில கரி அடைச்சா யார் ஏறித் தட்டுறது? எங்க வீட்டுல இடிச்சே போட்டாங்க. கடைசியில புகையை விரட்டினது, 2006ல் ஆட்சிக்கு வந்த கலைஞர் அரசு கொடுத்த இலவச கேஸ் அடுப்பு.

அப்புறம் ஓட்டை எடுத்துட்டு தளம் போட்டோம். புகையோட இடுக்கும் போச்சு! இப்போ மிளகாய் தாளிக்கிற நெடி வீட்டையே சுத்துது. கேஸ் எரியறப்பவும் நைட்ரஜன் டை ஆக்சைடு வருது, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அடுப்புக்கு மேல, கூரையை ஒட்டி ஓட்டை போடச் சொல்லிட்டேன். எதிர்ல ஜன்னல் திறந்திருந்தாத்தான் ஃபேன் நல்லா இழுக்குமாம். அந்த ஜன்னலை அடைச்சிருந்த நெல் மூட்டையை நாளைக்கு நகர்த்தணும்.