வாழைச்சேனைக் கடதாசி ஆலையும் கட்டட மரபும்

மட்டக்களப்பின் கட்டட மரபைக் காண வருவோர் பெரும்பாலும் புளியந்தீவுக் கோட்டையையே நாடுவர். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய அக்கோட்டை அயலார் ஆட்சியின் சின்னமாகும். சுதந்திரத்தின் பின் எழுந்த வாழைச்சேனைக் கடதாசி ஆலையோ எவராலும் மரபுச் சின்னமாகக் கருதப்படுவதில்லை. அதற்கு அத்தகுதி உண்டா என்பது ஆராயற்பாலது.

1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராக விளங்கிய ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் பெயரோடு மூன்று அரச ஆலைகள் இணைத்துப் பேசப்படும். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, பரந்தன் இரசாயன ஆலை, வாழைச்சேனைக் கடதாசி ஆலை என்பனவே அவை. இவற்றுள் இறுதியானது 1956 இல் உற்பத்தியைத் தொடங்கியது.

இடத்தேர்வு தற்செயலானதன்று. அறுவடையின் பின் வயல்களில் எஞ்சும் வைக்கோலே ஆலையின் முதன்மையான மூலப்பொருள். களப்பும் மாதுறு ஓயாவும் அண்மையில் உள்ளன. 1928 இல் மட்டக்களப்பை எட்டிய புகையிரதப் பாதையும் அருகே செல்கின்றது. வைக்கோலை அவித்துக் கூழாக்க எரிசோடாவும், அதனை வெளிற்றக் குளோரீனும் தேவை. இவ்விரண்டையும் ஆனையிறவு உப்பிலிருந்து பரந்தன் ஆலை உற்பத்தி செய்தது. இவ்வாறு வன்னியின் உப்பும் மட்டக்களப்பின் வைக்கோலும் ஒரே தாளிற் கலந்தன.

ஆலையோடு தொழிலாளர் குடியிருப்பும் அமைந்தது. இது பெருநகரன்று, எனினும் தொழிலையும் வாழ்வையும் ஒருங்கே திட்டமிடும் அக்கால நோக்கின் சிறு வடிவம் எனலாம். தமிழ்நாட்டின் நெய்வேலி அந்நோக்கின் பெருவடிவம். இத்தாலியில் ஒலிவெற்றி தட்டச்சுப்பொறி நிறுவனத்தைச் சூழ வளர்ந்த இவ்றேயா நகரை யுனெஸ்கோ 2018 இல் உலக மரபுரிமையாக ஏற்றது. ஆலையும் உணவுச்சாலையும் தொழிலாளர் வீடும் வரலாற்றுச் சான்றுகளே என்பது அதனால் உறுதியாயிற்று.

போர்க்காலத்தில் நலிவுற்ற வாழைச்சேனை ஆலை நீண்ட காலம் முடங்கிக் கிடந்தது. பின்னர் அதனை மீள இயக்கும் முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. புதுப்பித்தல் வேண்டத்தக்கதே. ஆயினும் பழைய பொறிகள் இரும்பு விலைக்குப் போகுமாயின், அவற்றோடு ஒரு தலைமுறையின் உழைப்பு வரலாறும் மறையும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் 1815 இற்கு முற்பட்டவற்றையே முதன்மையாகப் பேணுகின்றது. ஆகவே கட்டடங்களை அளந்து வரைதலும், படமெடுத்தலும், முதிய தொழிலாளரின் நினைவுகளைப் பதிதலும் பல்கலைக்கழக மாணவரின் கடனாகின்றன. அயலார் எழுப்பிய கோட்டையைப் பேணும் நாம், நம்மவர் உழைத்த ஆலையை மறத்தல் தகாது.