விதி பிசகாத வானம்

வானிலையைக் கணித்துச் சொல்லும் தொழில் ஒரு பெரிய நம்பிக்கையில் பிறந்தது. இன்றைய காற்றின் நிலையும் அதை இயக்கும் விதிகளும் தெரிந்தால் நாளைய நிலையைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்று நார்வேயின் வில்ஹெல்ம் பியெர்க்னெஸ் 1904-ல் எழுதினார். முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிய ஆங்கிலேயர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் அந்தக் கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்த்தார். சோதனைக்கு எடுத்துக்கொண்ட பழைய நாளான 1910 மே 20 அன்று ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. அன்று உண்மையில் அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. அந்தத் தோல்வியை 1922-ல் தம் நூலில் மறைக்காமல் அச்சிட்டார், பெரிய மனசுதான். இயற்கை கணக்குக்கு அடங்காது என்பதற்கு இதையே சாட்சியாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் தொடக்கத் தரவுகளில் காற்றும் அழுத்தமும் ஒன்றோடொன்று இசையாததுதான் அங்கே கோளாறு. அவற்றைச் சீர்செய்து பீட்டர் லிஞ்ச் பிற்காலத்தில் அதே முறையில் கணக்கிட்டபோது நம்பும்படியான விடையே கிடைத்தது.

கணக்கு பிசகாமல் நடந்த இடத்தில்தான் உண்மையான சிக்கல் தலைகாட்டியது. 1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எட்வர்ட் லோரென்ஸ் 12 மாறிகளைக் கொண்ட ஒரு மாதிரி வானிலையைக் கணினியில் ஓட்டினார். பழைய ஓட்டம் ஒன்றை நடுவிலிருந்து மீண்டும் தொடங்க, தாளில் அச்சாகியிருந்த எண்களை உள்ளிட்டார். கணினியின் நினைவில் 0.506127, தாளில் 0.506: நாலாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம். காப்பி குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது மாதிரியில் இரண்டு மாதம் கடந்திருந்தது. முதலில் ஒட்டிச் சென்ற இரு ஓட்டங்களும் கடைசியில் சம்பந்தமே இல்லாத இரு வானிலைகளாகிவிட்டன. இது இயந்திரம் எண்ணைச் சுருக்கியதால் வந்த வினை, சமன்பாட்டின் குணமல்ல என்று வாதிடலாம். ஆனால் லோரென்ஸ் 1963-ல் வெறும் மூன்று சமன்பாடுகளில் இதே விலகலைக் காட்டினார். வார்விக் டக்கர் 1999-ல் அந்தச் சமன்பாடுகளின் இயல்பே அதுதான் என்று நிறுவினார்.

இந்தச் சமன்பாடுகளில் அடுத்து வருவதெல்லாம் விதிப்படி முன்பே தீர்மானமானதுதான். அப்படி முன்பே தீர்மானமான ஒன்றைப் புதிது என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வி வலுவானது. சந்திரனுக்கு அது பொருந்தும்: வாக்கியப் பஞ்சாங்கம் 248 நாள் சுழற்சியின் வாய்பாட்டால் சந்திரனின் இடத்தைச் சொல்லிவிடுகிறது. நடுவிலுள்ள நாட்களைத் தாண்டிவிடலாம். லோரென்ஸின் பாதையோ வந்த வழியே திரும்பாமல் இரண்டு இறக்கைகள் போன்ற வடிவத்தில் சுற்றிக்கொண்டே போகிறது. அந்த மூன்று சமன்பாடுகளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இறக்கை தெரியாது. அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்பதை ஒவ்வோர் அடியாக நடத்தியே அறிய வேண்டும். இப்படி நடந்தால் மட்டுமே கிடைப்பதைத்தான் புதுமை என்கிறேன். அதற்கு விதி மீறல் தேவையில்லை. தொழிலும் இதற்கேற்ப மாறியது. 1992 முதல் நடுத்தரக் கால முன்னறிவிப்புக்கான ஐரோப்பிய மையம் சற்றே மாற்றிய பல தொடக்கங்களிலிருந்து ஓட்டங்களைச் சேர்த்து நடத்துகிறது. சில நாட்களில் அவை நெடுந்தொலைவு ஒட்டியே போகும், சில நாட்களில் சீக்கிரமே சிதறும். இன்றைய வானம் இதில் எந்த வகை என்பதும் முன்னறிவிப்பில் சேர்ந்துவிட்டது.