லாரிக்குள் ஒரு படுக்கை

அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். அவனும் அவன் மனைவியும் ஆறு மாதம் வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த நாட்டை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை வண்டியிலேயே சுற்றப் போகிறார்களாம். தூங்குவது, சமைப்பது, குளிப்பது எல்லாம் வண்டிக்குள்ளேயே. எஞ்சினும் வீடும் ஒன்றாக இருக்கிற மோட்டார் ஹோம் வாங்குவதா, கனமான பிக்-அப் ஒன்றை வாங்கிப் பின்னால் சக்கர வீட்டை மாட்டி இழுப்பதா என்று அவனுக்குக் குழப்பம். "மாமா, நீங்க போக்குவரத்துத் துறையில இருந்தவர்தானே, ஒரு வழி சொல்லுங்க" என்றான்.

நான் அங்கே எழுத்தராக இருந்தவன். கோப்பு தெரியும், வண்டி ஓட்டத் தெரியாது. ஆனாலும் வண்டியிலேயே குடியிருந்தவர்களை எனக்குத் தெரியும். என் சித்தப்பாவே இருபத்தாறு வருஷம் அப்படி இருந்தவர்தான். அவனிடம் போனில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

சத்துவாச்சாரிக்காரர்களுக்கு நெடுஞ்சாலை என்பது வாசல் மாதிரி. இப்போது அதற்கு 48 என்று எண். நம் வயதுக்காரர்கள் வாயில் இன்னமும் 46தான். ஆறு வழிச்சாலையும் பாலமும் வருவதற்கு முன்பு, சாயங்காலம் ரோட்டோரம் நின்றால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். எண்ணூரிலிருந்து புதுச் சேஸிகள் வரிசையாகப் பெங்களூர்ப் பக்கம் போகும். முன்னால் எஞ்சின், ஸ்டீயரிங், பின்னால் இரண்டு நீளச் சட்டம், சக்கரங்கள், அவ்வளவுதான். கதவு, கூரை எதுவும் இருக்காது. ஒரு பலகை மேல் உட்கார்ந்து, தலையில் துண்டைச் சுற்றிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு டிரைவர் ஓட்டிப் போவார். மழை வந்தால் நனைய வேண்டியதுதான். அந்த நாளில் கம்பெனிகள் விற்றதில் பெரும்பாலானவை அந்த எலும்புக்கூடுதான். வாங்கியவர் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பாடி கட்டிக்கொள்ள வேண்டும். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்கள் அந்தத் தொழிலில்தான் பேர் வாங்கின. ஆகவே டிரைவர் படுக்கப்போகிற இடம் எவ்வளவு என்பதைத் தீர்மானித்தது தொழிற்சாலை அல்ல, பட்டறையில் முதலாளி சொன்ன அளவு.

வண்டியைத் தேர்ந்தெடுப்பது என்றால் அன்றைக்கு ஒரே கேள்விதான்: லேலண்டா, டாட்டாவா. 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைத்தான் பூட்டிக்கொண்டிருந்தது. அசோக் என்பது அவர் மகன் பெயர். பிரிட்டிஷ் லேலண்ட் கம்பெனி பங்கு போட்டு, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. சரண் அதைப் பார்க்க இல்லை, அதற்கு முன்பே விமான விபத்தில் இறந்துவிட்டார். ஜாம்ஷெட்பூரில் டாட்டாக்கள் 1954-ல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸுடன் 15 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு லாரி செய்தார்கள். 1969-ல் அது முடிந்தது. நெற்றியிலிருந்த பென்ஸ் நட்சத்திரம் போய் டாட்டா முத்திரை வந்தது. அதற்குப் பிறகும் பழைய டிரைவர்கள் அதை 'பென்ஸ் வண்டி' என்றுதான் சொன்னார்கள்.

மூக்கு வைத்த வண்டியில் எஞ்சின் வெளியே இருக்கும். முகம் தட்டையான வண்டியில் எஞ்சின் டிரைவரின் இடது தொடைக்குப் பக்கத்தில், ஒரு மூடிக்குக் கீழே. மே மாதம் நெல்லூருக்கும் விஜயவாடாவுக்கும் நடுவே அந்த மூடியின் மேல் கை வைக்க முடியாது என்பார் சித்தப்பா. டிரைவரைக் கேட்டால் மூக்கு வண்டி என்பான். ஆனால் வாங்குகிறவன் டிரைவர் இல்லையே. வண்டியின் மொத்த நீளத்துக்கு அரசாங்கம் வரம்பு வைத்திருக்கிறது. அதில் மூக்குக்கு நாலு அடி போனால் சரக்குக்கு நாலு அடி குறையும். தட்டை முகம் ஜெயித்தது இந்தக் கணக்கால்தான்.

அமெரிக்காவில் இதே கணக்கு நேர்மாறாகப் போயிற்று. 1982-ல் வந்த ஒரு சட்டம், பெரிய சாலைகளில் பின்னால் இழுக்கும் டிரெய்லரின் நீளத்தை மட்டும் அளந்தால் போதும், முன்னால் இழுக்கிற வண்டியைச் சேர்க்க வேண்டாம் என்றது. சரக்கில் ஓர் அங்குலம்கூடக் குறையாது என்றானதும் நீள மூக்கும், அதன் பின்னால் கட்டில், அலமாரியோடு ஓர் அறையும் வந்துவிட்டன. என் தங்கை மகன் வியந்து சொல்கிற லாரிகள் அவைதான். அங்கே டிரைவர் மேல் அன்பு அதிகம் என்று நினைக்க வேண்டாம். டேப்பை எங்கே பிடித்து அளந்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

சரி, சித்தப்பாவுக்கு வருகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை இந்த வட்டத்தில் லாரி ஓட்டினால் தோல்தான் முக்கிய லோடு. வெளியூரிலிருந்து உப்புப் போட்ட பச்சைத் தோல் வரும். கல்கத்தாவுக்குப் பதப்படுத்திய தோல் போகும். அங்கே டாங்ராவில் சீனர்களின் தோல் பட்டறைகள் இருந்ததைச் சித்தப்பா கதை கதையாகச் சொல்வார். பட்டை போட்டுப் பதனிடும் தொட்டிகளுக்கு ஆவாரம்பட்டை, கடுக்காய், நீலகிரியிலிருந்து வாட்டில் பட்டை. உப்புத் தோல் ஏற்ற யாருக்கும் விருப்பம் இருக்காது. உப்புத்தண்ணீர் பலகை வழியாக இறங்கிச் சேஸியைத் தின்றுவிடும். நாற்றம் ஆளை விட்டுப் போக நாலு நாள் ஆகும். சித்தி அவர் சட்டையைத் தனியாகத்தான் ஊற வைப்பாள்.

கல்கத்தாவுக்குப் போக ஒரு வாரம், வர ஒரு வாரம். பம்ப் ஸ்டவ், அரிசி, புளி, மிளகாய்த்தூள் எல்லாம் டூல் பாக்ஸில். ஏரிக்கரை கண்ட இடத்தில் குளியல். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒன்றரை அடி அகலத்தில் ஒரு பலகை. அதில் ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். கிளீனர் பையனுக்கு அதுவும் கிடையாது. வெயில் காலத்தில் சரக்கு மேல் தார்பாய் விரித்துப் படுப்பான், மழையென்றால் வண்டிக்கு அடியில்.

1976-ல் ஒரு நாள் சித்தப்பா கல்கத்தா டிரிப்பிலிருந்து வந்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. வழியில் ஒரு சரக்குக் கொட்டகையில் வரிசையாக வண்டிகள் நின்றிருந்தன. விடியற்காலையில் பக்கத்து வண்டியை அதன் டிரைவர் எடுத்திருக்கிறார். அடியில் அவருடைய கிளீனர் தூங்கிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. பையனுக்குப் பதினாறு, பதினேழு வயது. அவனைத் துணியில் சுற்றித் தூக்கியவர்களில் சித்தப்பாவும் ஒருவர்.

மறு வருஷம் அவர் சொந்த வண்டி வாங்கினார். சத்துவாச்சாரியில் தாத்தா விட்டுப்போன மனையை விற்ற பணமும் கடனும் சேர்த்து ஒரு டாட்டா 1210. (அந்த எண்ணைப் படிப்பது எளிது. முதல் இரண்டு இலக்கம் வண்டியும் சரக்கும் சேர்ந்த டன், அடுத்த இரண்டைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய குதிரைத்திறன். 1612, 2515 எல்லாம் அதே கணக்குதான்.) நாமக்கல்லில் பாடி கட்டும்போது, பலகையை இரண்டரை அடியாக்கி, அதற்கு மேல் இன்னொரு தட்டு அடிக்கச் சொன்னார். இரண்டு பேரும் உள்ளேயே படுக்கலாம். பட்டறை மேஸ்திரி, "ஒரு அடி லோடு போகுதே, யோசிச்சுச் சொல்லுங்க" என்று மூன்று முறை கேட்டாராம். அப்பாவும் திட்டினார், கடன் வாங்கிய வண்டியில் சொகுசு எதற்கு என்று.

உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்று சித்தப்பாவே ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். தோல் கனமான சரக்கு, இடம் நிரம்புவதற்கு முன்பே எடை நிரம்பிவிடும். ஆகவே அதில் நஷ்டமே இல்லை. ஆவாரம்பட்டைக் கட்டு ஏற்றினால்தான் இடம் போதாமல் சில கட்டுகள் நின்றுபோகும். அந்தப் பட்டை லோடும் ஆம்பூர்ப் பக்கம் வரவரக் குறைந்துகொண்டிருந்தது. குரோம் பதனிடுதல் பரவிக்கொண்டிருந்த காலம். ஒரு புக்கிங் ஆபீஸ்காரர் மட்டும் 'குட்டைப் பாடி' என்று சொல்லி இரண்டு வருஷம் அவருக்குப் பட்டை லோடு தரவில்லை. சித்தப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நானும் எழுதிவிடலாம். ஆனால் அந்த இரண்டு வருஷமும் தவணை கட்டச் சித்தியின் வளையல் அடகுக் கடையில் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த பிறகு சட்டப் புத்தகங்களில் இந்தப் படுக்கையைத் தேடினேன். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொல்லிவிட்டது. நெடுஞ்சாலையில் அதை யார் எண்ணினார்கள்? 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 90-வது விதி நேஷனல் பர்மிட் லாரிகளுக்கானது. அவற்றின் நிறம் உலர்ந்த இலையின் பழுப்பாக இருக்க வேண்டும் என்று சொன்னது அதுதான். சாலையெங்கும் பழுப்பு லாரிகளாகப் பார்த்தோமே, காரணம் இதுவே. அதே விதி இன்னொன்றும் சொன்னது: கனரக வண்டியில் இரண்டு டிரைவர்கள் வேண்டும், சீட்டுக்குப் பின்னால் வண்டியின் முழு அகலத்துக்கும், மாற்று டிரைவர் காலை நீட்டித் தூங்கும்படி இருக்கை வேண்டும். காலை நீட்டி! அதைத் தட்டச்சு செய்த அன்று எனக்கு மேசையை விட்டு எழுந்து யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. கிளீனரைப் பற்றி அந்த வரியில் ஒன்றும் இல்லை.

2018-ல் இரண்டு டிரைவர் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். அதே வருஷம் மூன்று அச்சு லாரியின் மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தினார்கள். ஆள் குறைந்தான், பாரம் கூடிற்று. நல்ல செய்தியும் உண்டு. இப்போது கேபின்கள் தொழிற்சாலையிலிருந்தே வருகின்றன. புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் கேபினில் 2025-லிருந்து ஏ.சி. கட்டாயம்.

வண்டியை வீடாக்குவது நம் பக்கத்தில் முதலில் பிரபலமானது அரசியலால். 1982-ல் என்.டி. ராமராவ் கட்சி தொடங்கியதும் ஒரு செவர்லே வேனை மாற்றியமைத்து, மகன் ஹரிகிருஷ்ணா ஓட்ட, ஒன்பது மாதம் ஆந்திரா முழுக்க அதிலேயே சுற்றினார். சைதன்ய ரதம் என்று பெயர். திருப்பதித் தொகுதியிலும் நின்றார். இங்கிருந்து சித்தூர் பக்கம் போய் அந்த வேனைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், அவர் பேசியதைவிட வேனுக்குள் என்னென்ன இருக்கிறது என்பதைத்தான் அதிகம் பேசினார்கள். சித்தப்பா கேட்டுவிட்டு, "அவருக்கு ஒன்பது மாசம்" என்றார்.

2012-ல் டெய்ம்லர் தன் சொந்தத் தொழிற்சாலையோடு ஒரகடத்துக்கு வந்து பாரத்பென்ஸ் லாரி செய்யத் தொடங்கியது. 2021-ல் கேரளம் சுற்றுலாவுக்குக் கேரவன் திட்டம் அறிவித்தபோது, அந்தக் கம்பெனியின் சேஸி மேல்தான் முதல் வண்டிகளில் ஒன்று வந்தது. படத்தில் பார்த்தேன், கட்டில், சமையல் மேடை, குளியலறை. சித்தப்பா அதற்கு முன்பே போய்விட்டார்.

தங்கை மகனுக்குச் சொன்னது இதுதான்: எதை வாங்கினாலும் மொத்த எடை வரம்பைப் பார், அதில் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக் கணக்குப் போடு, 300 லிட்டர் என்றால் 300 கிலோ. அப்புறம் படுக்கையில் நீயே போய்ப் படுத்துப் பார். அவன் இரண்டு நாள் கழித்து ஒரு மோட்டார் ஹோமின் அளவுகளை அனுப்பினான். கட்டில் ஆறடி நாலு அங்குலம். "எஞ்சின் சூடு உள்ளே வருமாடா?" என்று கேட்டேன். நான் என்ன கேட்கிறேன் என்றே அவனுக்குப் புரியவில்லை.