சர்க்கரைச் சோதனையும் எரிகாரமும்: ஃபெலிங் முதல் பெனடிக்ட் வரை

திராட்சைச் சர்க்கரையைக் கரும்புச் சர்க்கரையினின்று பிரித்தறியத் தாமிர சல்பேட்டையும் எரிகாரத்தையும் கையாளும் முறையை டிரொம்மர் 1841இல் வெளியிட்டார். திராட்சைச் சர்க்கரை தாமிரத்தை ஒடுக்கிச் செந்நிற ஆக்சைடாக வீழ்படிவிக்கும். ஆயின், வினைபுரியாது எஞ்சிய ஹைட்ராக்சைடு சூட்டில் கருத்து அந்நிறத்தை மறைத்தது. ஸ்டுட்கார்ட்டில் பணியாற்றிய ஃபெலிங், 1848-49 அளவில் டார்ட்ரேட்டு உப்பைச் சேர்த்துத் தாமிரத்தைக் கரைசலிலேயே நிறுத்தினார். சர்க்கரையின் அளவைக் கணிக்கவும் வழி பிறந்தது. நீரிழிவு மருத்துவம் அதனைப் பற்றிக்கொண்டது.

எரிகாரம் மட்டும் அப்படியே இருந்தது. கலந்து வைத்தால் கரைசல் கெடுமாதலால் இரு புட்டிகள் வேண்டியிருந்தன. அதனினும் பெருங்குறை, சிறுநீரில் சிறிதளவே உள்ள சர்க்கரையை அது தாமிரத்தை ஒடுக்குமுன்னரே எரிகாரம் சிதைத்துவிடக்கூடும் என்பது. நோயுற்றவர் நலமுடையவராகக் கணிக்கப்பட அங்கே இடமிருந்தது. அமெரிக்கரான பெனடிக்ட், 1908-09இல் மென்காரமான சோடியம் கார்பனேட்டையும் சிட்ரேட்டையும் கொண்டு ஒரே புட்டியில் நிலைக்கும் கரைசலை அமைத்தார். சர்க்கரையின் மிகுதிக்கேற்பப் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என அது மாறும். எனினும் அதுவும் குளுக்கோசுக்கே உரிய சோதனையன்று. பாலூட்டும் தாயின் சிறுநீரிலுள்ள லாக்டோசும் அதே நிறத்தைக் காட்டும்.